ரேடியோ செட் அண்ணனும் மகா மந்திரவாதியும்

ரெக்கார்டு பிளேயரையே வாத்தியமாக வாசிக்கலாம் என்று கண்டுபிடித்தது யார்? ஜான் கேஜ் என்கிறார்கள். 1939-ல், சியாட்டிலில், ரெக்கார்டு சுற்றும் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓர் உருப்படியே போட்டாராம். அடேங்கப்பா! எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் சாவி கொடுத்த கிராமபோன் இதைத் தானாகவே செய்யும். ஸ்பிரிங் தளர்ந்தால் போதும், பல்லவியில் கே.பி. சுந்தராம்பாளாக இருந்தவர் சரணத்தில் நம்பியாராகிவிடுவார்.

அடுத்தவர் நியூயார்க் பிராங்ஸ் பகுதிப் பையன் தியோடர். 1970-களில் ஒருநாள் வீட்டில் பாட்டை அலறவிட்டிருக்கிறான். அம்மா வந்து சத்தம் போட, பயல் ஓடுகிற தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைக்க, பிறந்தது 'ஸ்கிராட்ச்'. பின்னாளில் பட்டப்பெயர் 'கிராண்ட் விசார்ட்', அதாவது மகா மந்திரவாதி. அம்மாவுக்கு ஒரு பட்டமும் இல்லை.

அதே காலத்தில்தான் பண்ணைப்புரத்துக்காரர் இசையமைத்து 1976-ல் வந்த 'அன்னக்கிளி' இங்கே கல்யாண வீட்டுக் குழாய்களில் முழங்கியது. ஒரு பொடியன் அந்தத் தட்டில் கைவைத்திருந்தால் மந்திரவாதி பட்டம் நமக்கு. ரேடியோ செட் அண்ணன் விட்டால்தானே?

அண்ணன் லேசுப்பட்ட ஆளா? வீரபாண்டித் திருவிழா சமயத்தில் அவரைப் பிடிப்பது ஸ்டார் நடிகரிடம் கால்ஷீட் வாங்குகிற மாதிரி. ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்தால் மாப்பிள்ளையைவிட மிடுக்கு. தாய்மாமன் சீர் தெருமுனைக்கு வந்துவிட்டதா? ஓடுகிற பாட்டைப் பாதியில் தூக்கி, வேறு தட்டைப் போட்டு, கண்ணாலேயே அளந்து, சரியான இடத்தில் முள்ளை இறக்குவார். 'நீடில் டிராப்' என்று இதற்கும் அங்கே பெயர், புகழ். அண்ணனுக்கு ஒரு டீ. முள் துள்ளினால் அதன் தலையில் நாலணாவை வைப்பார். மொய்ப்பணமா என்று கேட்கக்கூடாது.

ஆனால் என்னை அசரடித்தவர் கிறிஸ்டியன் மார்க்லே. பல தட்டுகளை ஒன்றாகச் சுழலவிட்டு மனோதர்மத்தில் வாசிப்பவர். 1985-ல் உறையே இல்லாமல் ஒரு ரெக்கார்டு வெளியிட்டார். தூசி படிந்து, உரசி, விழுகிற கீறலும் இசையில் சேர்த்தியாம்! போடிக்கும் உத்தமபாளையத்துக்கும் குலுங்கிக் குலுங்கிப் போன அண்ணன் பெட்டியில் உறையோடு இருந்த தட்டு எது? பெட்டி முழுக்க மார்க்லேதான்.

நியூயார்க்கில் முள் ஒரே வரியில் மாட்டிக்கொண்டு சுற்றினால், கூட்டம் கண்ணை மூடித் தலையாட்டும். இங்கே பந்தியிலிருந்து குரல் வரும்: "ஏப்பா ரேடியோ செட்டு, தூங்கிட்டியா?"