மாடியில் மூன்று ஷிப்ட்

சிப்காட்டில் முப்பது வருடம் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெறுகிறவர்கள் ஓசூரில் இரண்டு வகை. ஒரு வகை ரியல் எஸ்டேட்டுக்குப் போய்விடும். இன்னொரு வகை இயற்கைக்குத் திரும்பும். பக்கத்து வீட்டில் குடியிருக்கத் தோதானது முதல் வகைதான்.

நம்மவர் இரண்டாம் வகை. தெருவில் பெயர் 'இயற்கை சார்'. மொட்டை மாடியில் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் குரோ பேக்குகளை வரிசை கட்டி நிறுத்தியிருக்கிறார். ஃபேக்டரியின் ஃபைவ் எஸ் ஒழுங்கு! பைக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு அட்டை. கத்தரிக்காயை வெர்னியர் காலிப்பரில் அளப்பார். அளவு தப்பினால் 'ரிஜெக்‌ஷன்' கூடை. சாம்பாரில் விழுவதெல்லாம் அந்த ரிஜெக்‌ஷன்தான். மண்புழுத் தொட்டிகள் மூன்று: ஏ, பி, சி. "பி ஷிப்ட்ல புரொடக்‌ஷன் கம்மி" என்று காலையில் முகம் வாடி நிற்பார். யூனியன் இல்லாத தொழிலாளர்கள் அவருக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறார்கள்.

ஜீவாமிர்தம் என்கிற இயற்கை உரக் கரைசல் அவருடைய மாஸ்டர்பீஸ். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, வரப்பு மண் ஒரு பிடி. 48 மணி நேரம் ஊற வேண்டும். அந்த 48 மணி நேரமும் தெருவில் ஜன்னல் திறக்காது. ஊறுகிற நீல டிரம்மில் ஏதோ ஆசிடின் எச்சரிக்கை லேபிள் இன்னும் பாதி ஒட்டியிருக்கிறது. சாணம் ஆன்லைனில், அட்டைப் பெட்டியில் வந்தது. பால்காரம்மா திகைத்துப் போனார்.

"ஏன் சார், கேட்டிருந்தா பாலோட சேர்த்துக் குடுத்திருப்பேனே!"

"உங்களது ஜெர்சிம்மா. ஸ்பெசிஃபிகேஷன் நாட்டு மாடு."

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து இருக்கிற மத்திகிரி கால்நடைப் பண்ணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓசூர்க்காரர் ஒருவர் சாணத்துக்குக் கூரியர் சார்ஜ் கட்டினார் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

மாடியில்தான் இத்தனை பசுமை. கீழே வாசலிலிருந்து கொல்லை வரை பார்க்கிங் டைல்ஸ். ஒரு புல் முளைக்க வழியில்லை. 2003-இல் அரசாங்கம் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழியும் அதற்கடியில் எங்கேயோ சமாதியாகிவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் நேராக ரோட்டுக்கு.

தென்பெண்ணையின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் மட்டும் சாருக்கு ரத்தம் கொதிக்கும். "எல்லாம் பெங்களூர்க்காரன் பண்ற வேலை!" உண்மைதான், அங்கிருந்து வரும் சாக்கடையும் ஆலைக் கழிவும் தென்பெண்ணையைப் பாழாக்குகின்றன. அவர் முழங்கும்போதே அவர் வீட்டு வாஷிங் மெஷின் தண்ணீர் நுரையோடு தெருச் சாக்கடையில் இறங்கும். கேட்டால், எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, வெல்லம் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போட்டு துணி துவைக்க என்சைம் ஊறுகிறதாம். மூன்று மாதம் ஆகுமாம். அதுவரை பாக்கெட் பவுடர்தான்.

ஆனாலும் தக்காளி பிரமாதம், அதை மறைப்பதற்கில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். "எப்படி சார் வளர்த்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பாகலூர் போகிற கடைசி பஸ்ஸைத் தவற விடுவீர்கள்.