புரோக்கர் யார் பக்கம்?

வீடு பார்க்க வந்தவரைத் தன் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டு போகிறார் புரோக்கர். வழியில் டீ. “அண்ணே, ஓனர்கிட்ட விலையை நான் குறைக்கிறேன், நீங்க வாயே திறக்காதீங்க.” எழுத்தில் ஒரு வரி கிடையாது. ஆனாலும் அவர் வாங்குபவரின் முகவர் ஆகிவிட்டார் என்று வாதாட இடமுண்டு. பேச்சும் நடந்துகொண்ட விதமுமே போதும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 187ஆம் பிரிவு. கைம்மாறுகூட அவசியமில்லை என்கிறது 185. டீயைப் பற்றி இரண்டும் பேசவில்லை.

அதே ஆள் சாயங்காலம் ஓனரின் காதைக் கடிக்கிறார்: “பார்ட்டி இன்னும் ரெண்டு லட்சம் ஏறும் சார்.”

சட்டம் எழுதியவர்கள் இந்த ஆசாமியை எங்கோ பார்த்திருக்க வேண்டும். 216ஆம் பிரிவின் உதாரணத்தைப் பாருங்கள்: ஒருவர் குறிப்பிட்ட வீட்டைத் தனக்கு வாங்கித் தரச் சொல்கிறார், கிடைக்காது என்று கைவிரித்த முகவர், அதைத் தானே வாங்கிப் போட்டுக்கொள்கிறார். குட்டு வெளிப்பட்டால், வாங்கிய விலைக்கே விற்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாம்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பதிவு செய்த திட்டங்களில் மனை, ஃபிளாட் விற்றுத்தரும் முகவர்களைப் பதிவெண் வாங்கச் சொன்னது. பழைய வீடு கைமாற்றும் நம்மவருக்கு அந்தத் தொல்லை இல்லை. கமிஷன் மட்டும் இரண்டு பக்கமும்.