பாய்லர் ஜனவரியில்தான் சாகும்

பிரிட்டனில் வீட்டுக்கு எந்த ஹீட்டிங் நல்லது என்று யாரைக் கேட்டாலும் செலவு, சுற்றுச்சூழல், வசதி என்று விரல் மடக்கி விளக்குவார்கள். நடப்பது வேறு. அங்கே பெரும்பாலானோர் ஹீட்டிங்கைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. பழைய பாய்லர் மண்டையைப் போடுகிற நாள்தான் புதிய பாய்லரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த நாள் ஜூனில் வராது. ஜூனில் அதற்கு வேலையே கிடையாது, சாவானேன்? ராப்பகலாக ஓடியாக வேண்டிய ஜனவரியில், தீபாவளிக்கு முதல் நாள் மிக்ஸி போவதைப் போல, முகூர்த்தம் பார்த்துப் போகும். குழந்தை இருமுகிறது, மாமியார் இரண்டு கம்பளிக்குள்ளிருந்து முறைக்கிறார். அந்த நேரத்தில் பூமியின் வெப்பநிலை ஒன்றரை டிகிரி ஏறப்போகிறது என்று யாராவது எச்சரித்தால், "கொஞ்சம் சீக்கிரம் ஏறச் சொல்லுங்கள்" என்றுதான் பதில் வரும்.

கேஸ் பாய்லரின் வெற்றி ரகசியம் இதில்தான் இருக்கிறது என்பது என் வாதம். பிரிட்டிஷ் வீடுகளில் பத்தில் எட்டுக்கு மேல் கேஸில்தான் சூடாகின்றன. பழையது போனால் பிளம்பர் மறுநாளே வேனில் ஒன்றைக் கொண்டுவந்து, அதே சுவரில், அதே குழாயில் மாட்டிவிட்டுப் போகலாம். கேஸுக்கு மாற்றாகச் சொல்லப்படும், மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் அப்படி வராது. முதலில் ஒருவர் வந்து ஒவ்வோர் அறையும் எவ்வளவு வெப்பத்தை வெளியே விடுகிறது என்று அளப்பார். சில ரேடியேட்டர்களைப் பெரிதாக்கச் சொல்வார். பிறகு வெந்நீர் சிலிண்டருக்கு இடம் கேட்பார். அந்த இடம் ஒரு காலத்தில் இருந்தது. வெந்நீரைச் சேமித்து வைக்காமல் அவ்வப்போது காய்ச்சித் தரும் காம்பி பாய்லர் வந்தபோது சிலிண்டரைத் தூக்கிவிட்டு, அங்கே துண்டுகளையும் பழைய சூட்கேஸையும் குடிவைத்தாயிற்று. மின் இணைப்பு, மானிய விண்ணப்பம் எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அந்தக் குடும்பம் கேஸையே மறுபடி மாட்டிக்கொள்கிறது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்குக் கரியமில வாயுவின் கணக்கும் அந்த ஒரே ராத்திரியில் முடிவாகிவிடுகிறது.

இத்தனைக்கும் ஹீட் பம்ப் நேற்றுப் பிறந்த அதிசயம் இல்லை. அதன் அடிப்படையை கெல்வின் பிரபு 1852இலேயே எழுதிவிட்டார். சூரிச் நகர மண்டபம் 1938இல் லிம்மாட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக் குளிரைச் சமாளித்தது. 1951இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலுக்கு தேம்ஸ் நதியிலிருந்து வெப்பம் எடுத்தார்கள். சென்னைவாசிக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர் வீட்டு ஏசி அறையின் வெப்பத்தை அள்ளிப் பக்கத்து வீட்டு ஜன்னலில் கொட்டுகிறது. அதே யந்திரத்தைத் திருப்பி ஓட்டினால் வெளியே இருக்கும் வெப்பத்தை அள்ளி வீட்டுக்குள் கொட்டும். வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரம் தின்று மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. பாய்லர் எவ்வளவு முக்கினாலும் ஒரு யூனிட் கேஸுக்கு முக்காலே மூணு வீசத்தைத் தாண்டாது.

இவ்வளவு கெட்டிக்கார யந்திரம் பில்லையும் மூன்றில் ஒரு பங்காக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் அரசாங்கம் குறுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கு வைத்த விலை வரம்பில் மின்சாரம் யூனிட்டுக்கு 25.73 பென்ஸ், கேஸ் 6.33 பென்ஸ். அந்த விலையில் கேஸ் பாய்லரில் ஒரு யூனிட் வெப்பம் ஏழு பென்ஸில் முடிந்தது. ஹீட் பம்ப் மும்மடங்கு தந்தால் எட்டரை பென்ஸ். நான்கு மடங்கு தந்தால்தான் ஆறரைக்குக் கீழே இறங்கும். சூழல் திட்டங்களுக்கான வரிச்சுமையில் பெரும்பகுதியை அப்போது மின்சார பில்லில்தான் ஏற்றியிருந்தார்கள். கேஸ் பில் சாதுவாக நின்றது. போதாததற்கு, மொத்தச் சந்தையில் மின்சார விலையைப் பல நேரம் நிர்ணயிப்பதும் கேஸ் மின்நிலையங்கள்தான். காற்றாலை சும்மா சுழன்றாலும் கேஸ் விலைதான். ஆகவே கேஸை விடாத பிரிட்டன்காரரை அறியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்குக் கணக்கு வரும். கேஸ் இணைப்பையே துண்டித்தால் வருடத்துக்கு நூறு பவுண்டு நிலைக்கட்டணம் மிச்சம் என்பதைச் சேர்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 அக்டோபரிலிருந்து மானியம் 7,500 பவுண்டு. அது யந்திரத்தின் விலையைக் குறைக்கிறது, அவசரத்தைக் குறைக்கவில்லை.

குளிர் நாட்டுக்கு இது சரிப்படாது என்பார்கள். நார்வேயில் நூறு வீட்டுக்கு அறுபது ஹீட் பம்ப் என்ற கணக்கு இருக்கிறது. அங்கே குளிர் இல்லை என்று நார்வேக்காரரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கலாம். மின்சாரமே கேஸில்தானே செய்கிறார்கள், இதில் என்ன புண்ணியம் என்பது இதைவிடப் புத்திசாலித்தனமான கேள்வி. முழுக்க கேஸ் மின்சாரமே என்று வைத்துக்கொள்வோம். நல்ல மின்நிலையம் எரித்த கேஸில் பாதியை மின்சாரமாக்கும். ஹீட் பம்ப் அதை மும்மடங்காக்கும். ஒன்றுக்கு ஒன்றரை வந்துவிட்டது. உண்மையில் பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30இல் மூடப்பட்டுவிட்டது; காற்றாலைகளின் பங்கும் வளர்ந்திருக்கிறது. ஒரு யூனிட் வெப்பத்துக்கு ஹீட் பம்ப் வெளியேற்றும் கரி, பாய்லருடையதில் பாதிகூட இராது. விக்டோரியா காலத்துப் பழைய வீடு என்ற ஆட்சேபத்தில் ஓரளவு நியாயம் உண்டு. காற்று ஓட்டைகளை அடைக்காமல் எதை மாட்டினாலும் தெருவுக்குத்தான் சூடு போடுகிறோம், கேஸ் மாட்டினாலும்தான். நாளை குழாயில் ஹைட்ரஜன் வரும், அதுவரை பொறுப்போம் என்றும் ஒரு கட்சி இருந்தது. அதைச் சோதிக்கப் பார்த்த இரண்டு ஊர்களில் விட்பி மக்கள் எதிர்த்ததால் 2023 ஜூலையில் திட்டம் போனது. ரெட்காரில் சோதனைக்கே போதிய ஹைட்ரஜன் கிடைக்காமல் டிசம்பரில் போனது.

கோடிக்கணக்கான வீடுகளில் இதையெல்லாம் மாற்ற முடியுமா என்று அலுத்துக்கொள்பவர்கள் தங்கள் அப்பா அம்மாவைக் கேட்டிருக்கலாம். 1967 முதல் 1977 வரை, நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய வாயுவை விட்டு வடகடல் எரிவாயுவுக்கு முழு நாடும் மாறியது. தெருத் தெருவாக ஆட்கள் போய் சுமார் நான்கு கோடி அடுப்பு, ஹீட்டர்களை மாற்றினார்கள். எவர் வீட்டு அடுப்பு சாகும் என்று யாரும் காத்திருக்கவில்லை. இந்தத் தெருவுக்கு இந்தத் தேதி என்று அறிவித்துவிட்டு வந்தார்கள். இன்றைய அரசாங்கம் மானியத்தைத் தருகிறது, தேதியைத் தர மறுக்கிறது. 2023 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் சுனக், ஐந்தில் ஒரு வீட்டுக்குப் பாய்லரை விடவே வேண்டாம் என்று விலக்கு அறிவித்தார். அந்த ஐந்தில் ஒருவர் தாம்தான் என்று மீதி நால்வரும் நம்பியிருப்பார்கள்.

தேதியைக் குடும்பமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். காம்பி பாய்லர் ரேடியேட்டருக்கு அனுப்பும் தண்ணீரின் வெப்பத்தை ஒரு குளிர் வாரத்தில் 50, 55 டிகிரிக்கு இறக்கிப் பார்க்கலாம். வீடு தாங்கினால் ஹீட் பம்புக்குத் தயார். தாங்காவிட்டால் எந்த அறை முனகுகிறது என்பது தெரிந்துவிடும். இரண்டிலும் கேஸ் கொஞ்சம் மிச்சம், பாய்லர் இப்படித்தான் திறமையாக எரியும். ஜனவரிக்கு உருப்படியான வேலை இது ஒன்றுதான். ஆள் தேடுவது, அளப்பது, பேரம் பேசுவது எல்லாம் ஜூலைக்கு. என்ன, ஜூலையில் இந்த நினைப்பு வராது. 2022 மே மாதம் மானியத் திட்டம் தொடங்கியபோது, கோடையில் குளிரூட்டவும் கூடிய காற்றுக்குக் காற்று வகை ஹீட் பம்புக்குப் பணம் கிடையாது என்று விதி வைத்தார்கள். இரண்டே மாதத்தில், ஜூலை 19 அன்று, கானிங்ஸ்பி என்ற ஊரில் 40.3 டிகிரி பதிவாகி நாட்டின் வெப்பச் சாதனையை முறியடித்தது. அன்றைக்கும் ஜனங்கள் அவசரமாகத்தான் கடைக்கு ஓடினார்கள், டேபிள் ஃபேன் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு.