ஈரத்துணியோடு ஒரு பிரமாணம்

பெறுநர்:
தலைவர் மற்றும் உறுப்பினர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம்,
ஐதராபாத்.

பொருள்: பாலிசி விற்பனையைக் காணிப்பாக்கம் பிள்ளையார் சன்னிதிக்கு மாற்றித் தரக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஆணையத்தாருக்கு,

2047-க்குள் எல்லோருக்கும் காப்பீடு என்று அறிவித்திருக்கிறீர்கள். அதுவரை சாகாமல் இருப்பது எங்கள் பொறுப்பு, முயல்கிறோம். அதற்கிடையில் ஒரு விண்ணப்பம். சித்தூரிலிருந்து பதினோரு கிலோமீட்டர் போனால் காணிப்பாக்கம். அங்கே கிணற்றுக்குள் சுயம்புவாக எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் தப்பமாட்டான் என்பது சுற்றுவட்டாரத்தின் அசையாத நம்பிக்கை. குடியை விட்டேன் என்பவரும், வாங்கிய கடனைத் தந்துவிட்டேன் என்பவரும் குளித்த ஈரத்துணியோடு அங்கே நின்று பிரமாணம் செய்கிறார்கள். தாங்கள் மேய்க்கும் தொழிலும் சத்தியத்தை நம்பித்தான் நடக்கிறது என்பதால், இடம் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றியது.

காப்பீட்டுச் சட்டத்தின் அடித்தளமே பரிபூரண நம்பிக்கை என்கிறார்கள். 1766-இல் கார்ட்டர் எதிர் போம் வழக்கில் இங்கிலாந்து நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு அதை நிலைநாட்டியபோது, மறைக்காமல் சொல்லும் கடமை வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் உண்டு என்றே தீர்ப்பளித்தார். இரண்டரை நூற்றாண்டுப் பயணத்தில் அதில் ஒரு பாதி எங்கோ கடலில் விழுந்துவிட்டது. பாலிசி விண்ணப்பத்தைப் பாருங்கள். சர்க்கரை உண்டா, பீடி உண்டா, அப்பா எதனால் இறந்தார், அம்மாவுக்கு ரத்தக்கொதிப்பா என்று பக்கம் பக்கமாகக் கேட்டு, எல்லாம் உண்மை என்று எங்களிடம் கையெழுத்து வாங்கப்படுகிறது. நாங்கள் சொன்னது பொய் என்று நிரூபிக்க, காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்கு 3 ஆண்டு அவகாசம் தருகிறது. மருத்துவக் காப்பீட்டில் அது 5 ஆண்டு. விற்றவர் சொன்னது பொய் என்று கண்டுபிடித்துப் பாலிசியைத் திருப்பித் தர எங்களுக்குக் கிடைத்திருப்பது 30 நாள். முன்பு 15 நாளாக இருந்ததைத் தாங்கள்தான் 2024-இல் இரட்டிப்பாக்கினீர்கள், மறுக்கவில்லை, நன்றி. ஆனால் சம்பாதிப்பவர் கண்மூடிய பிறகோ, இருபது ஆண்டு கழித்து முதிர்வுத் தொகை கைக்கு வந்த பிறகோதான் அந்தப் பொய் வெளிச்சத்துக்கு வரும். முப்பது நாளில் எதைக் கண்டுபிடிப்பது?

என்ன பொய் என்று கேட்பீர்கள். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார் என்பது ஐதிகம். சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் செய்த வெள்ளிக் கவசம் இப்போது பொருந்தவில்லை என்று அத்தாட்சியும் காட்டுகிறார்கள். குடும்பமும் அப்படித்தான் வளர்கிறது. அதற்கு விற்கப்படும் கவசமோ வாங்கும் அன்றே பொம்மைக்குத் தைத்த சட்டை. மாதம் 30,000 ரூபாய் சம்பாதிக்கும் முப்பது வயதுக்காரரின் தலையில் வழக்கமாகக் கட்டப்படுவது 5 லட்சம் ரூபாய்க்கு, சேமிப்பும் காப்பும் கலந்த ஓர் எண்டோமென்ட் பாலிசி. இருபது ஆண்டுத் தவணைக்கு வருடப் பிரீமியம் ஏறத்தாழ 25,000. அவர் இறந்தால் வரும் 5 லட்சம் ஏறத்தாழப் பதினேழு மாதச் சம்பளம். பதினெட்டாவது மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்தை யார் கட்டுவது? சம்பாதிப்பவரின் ஆண்டு வருமானத்தைப் போல் பத்து மடங்காவது காப்புத்தொகை வேண்டும் என்பது இத்துறையின் அரிச்சுவடி. இவருக்கு 36 லட்சம். புகைபிடிக்காதவராக இருந்தால் இறந்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசி 50 லட்சத்துக்கே அந்த 25,000-இல் பாதிகூட ஆகாது. அதை ஏன் யாரும் எடுத்து நீட்டுவதில்லை? முதல் ஆண்டுக் கமிஷனை நூற்றுக்கு 25 என்றே வையுங்கள். கமிஷன் பிரீமியத்தின் மீதுதான். குடும்பத்துக்குக் கிடைக்கும் காப்பின் மீது அல்ல. பிரீமியம் பெருத்துக் காப்பு சிறுத்தால் விற்பவருக்கு லாபம். இந்த ஏற்பாட்டில் ஏஜென்ட் யோக்கியராக இருப்பதே அவருக்கு நஷ்டம். 2023-இல் தாங்கள் பொருளுக்குப் பொருள் இருந்த கமிஷன் வரம்பையும் எடுத்துவிட்டு, மொத்தச் செலவுக்கு மட்டும் வேலி போட்டீர்கள். வேலிக்குள் எந்தப் பயிரை மேய்வது என்பது இப்போது மாட்டின் விருப்பம்.

இதன் கணக்கையும் போட்டிருக்கிறார்கள். தவறாக விற்கப்பட்ட ஆயுள் பாலிசிகளால் 2004-05 முதல் 2011-12 வரை மக்கள் இழந்தது ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்று மோனிகா ஹலான், ரேணுகா சானே, சூசன் தாமஸ் மூவரும் மதிப்பிட்டார்கள். அரசின் ஆயுள் காப்பீட்டுத் திட்டமான ஜீவன் ஜோதி பீமா தங்கள் வீட்டுச் சரக்கு அல்ல, நிதி அமைச்சகத்தினுடையது, ஆனாலும் பாருங்கள். 2015-இல் வருடம் 330 ரூபாய்க்கு 2 லட்சம் காப்பு. 2022-இல் பிரீமியம் 436 ஆனது. காப்பு அதே 2 லட்சம். கவசத்தின் விலை மட்டும் வளர்கிற அற்புதம் காணிப்பாக்கத்தில்கூட நடந்ததில்லை.

‘செத்தால்தான் காசு என்றால் யார் வாங்குவார்கள்? கட்டியது திரும்பி வர வேண்டும் என்று மக்களே கேட்கிறார்களே’ என்பது துறையின் நிரந்தரப் பதில். பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கிற எவரும், காரியம் நல்லபடியாக முடிந்ததே, தேங்காயைத் திருப்பிக் கொடு என்று கேட்பதில்லை. அது போனால் போகட்டும் என்று உடைக்கும் காய். டெர்ம் பிரீமியமும் அப்படித்தான் என்று சொல்ல வேண்டியவர் சொல்லாமல் விட்டதால்தான் மக்கள் கேட்கிறார்கள். இன்னொரு வாதத்தில் நியாயம் இருக்கிறது: பாலிசி இல்லாவிட்டால் பலர் ஒரு பைசாகூடச் சேமிக்கமாட்டார்கள். சரி. ஆனால் கட்டாயச் சேமிப்புக்குத் தபால் நிலையத்துத் தொடர் வைப்பும் பிபிஎஃப் கணக்கும் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு தவணை தவறினால் போட்ட பணம் கரைந்துவிடாது. ‘சரள் ஜீவன் பீமா என்று எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரியான எளிய டெர்ம் பாலிசியை 2021-லேயே கொண்டுவந்தோமே’ என்றும் சொல்வீர்கள். கொண்டுவந்தீர்கள். கடைக்காரருக்கு லாபம் குறைந்த சரக்கு எந்தக் கடையில் முன்வரிசைக்கு வந்திருக்கிறது?

ஆகவே நாங்கள் கேட்பது ஒரு சின்னப் பிரமாணம். வீட்டுத் திண்ணையில் விற்பவர் முதல், கடன் கேட்கப் போனால் பாலிசியையும் சேர்த்து நீட்டும் வங்கி மேலாளர் வரை, விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும்: ‘இவர் நாளை இறந்தால் குடும்பத்துக்கு இத்தனை ரூபாய். அது இவருடைய இத்தனை மாதச் சம்பளம். இதே காப்புக்கு டெர்ம் பாலிசி இவ்வளவுதான் ஆகும். இதில் எனக்கு இவ்வளவு.’ நாலே வரி. அது பொய்யானால் எங்களுக்கும் அதே 3 ஆண்டு அவகாசம் வேண்டும். மதச்சார்பற்ற அமைப்பு கோயிலுக்கு வரலாமா என்ற தயக்கம் இருந்தால், சன்னிதியை விட்டுவிட்டு இந்த நாலு வரியை மட்டும் விதியாக்கிவிடுங்கள், பிள்ளையார் கோபித்துக்கொள்ளமாட்டார்.

நேரில் பார்த்துத்தான் முடிவெடுப்போம் என்றால், ஐதராபாத் காச்சிகுடாவிலிருந்து சித்தூருக்கே நேராக வேங்கடாத்ரி விரைவு ரயில் வருகிறது. மாற்றுத்துணி கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
பிரீமியம் தவறாமல் கட்டும் பொதுஜனம்