ஐந்து லட்சம் பேருக்கு ஒரே கோளாறு

1957-இல் அமெரிக்காவில் ஒரு விசித்திர வியாதி கிளம்பியது. நேற்றுவரை நன்றாக இருந்த இல்லத்தரசிகள் டாக்டரிடம் வந்து, "எனக்கு மாதவிடாய் சரியாக வருவதில்லை" என்று முறையிடத் தொடங்கினார்கள். 1959 வாக்கில் சுமார் 5 லட்சம் பேர் அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாத்திரையின் பெயர் ஈனோவிட். மாதவிடாய்க் கோளாறுக்கு மட்டும் என்றுதான் அரசு அனுமதித்திருந்தது. கூடவே, இதைச் சாப்பிட்டால் கருமுட்டை வெளிவராது என்று எச்சரிக்கவும் சொல்லியிருந்தது. எந்த விளம்பர ஏஜென்சியும் இதைவிட நல்ல வாசகத்தை எழுதியிருக்க முடியாது.

இதற்கெல்லாம் முதல் போட்டவர் கேத்தரின் மெக்கார்மிக். எம்.ஐ.டி.யில் உயிரியல் படித்தவர், அறுவடை இயந்திரக் கோடீஸ்வரக் குடும்பத்து மருமகள். 1920களில் ஐரோப்பா போய்ப் புதுப்புது கவுன்களாக வாங்கி, மடிப்புக்குள் டயஃப்ரம் என்ற கருத்தடைச் சாதனங்களை வைத்துத் தைத்து, ஆயிரத்துக்கு மேல் கடத்தி வந்த புண்ணியவதி. பணக்கார அம்மாளின் பெட்டியைச் சுங்க அதிகாரி எங்கே கிளறப்போகிறார்! 1953-இல், எழுபத்தேழு வயதில், கருத்தடைப் போராளியான தோழி மார்கரெட் சாங்கருடன் கிரெகரி பிங்கஸின் ஆய்வுக்கூடத்துக்குப் போய், கருத்தடை மாத்திரை கண்டுபிடிக்க 40,000 டாலருக்குச் செக் எழுதினார். பிங்கஸ், அப்பன் இல்லாமல் முயல் பிறக்கவைக்கப் பார்த்தார் என்று பத்திரிகைகள் அரக்கனாக்கிய ஆள். ஹார்வர்டு நிரந்தர வேலை தராமல் அனுப்பிவைத்திருந்தது.

மனிதர்களிடம் சோதிக்க டாக்டர் வேண்டும். கிடைத்தவர் ஜான் ராக், பக்தியுள்ள கத்தோலிக்கர். மாசசூசெட்ஸில் கருத்தடை சட்டப்படி குற்றம் என்பதால் ராக் ஒரு வழி கண்டுபிடித்தார். குழந்தையில்லாத 50 பெண்களைச் சேர்த்து, கருத்தரிக்க உதவும் ஆராய்ச்சி என்று பெயர் வைத்தார். மருந்தை நிறுத்தியதும் சிலருக்கு நிஜமாகவே குழந்தை உண்டானது. சட்டம் என்ன சொல்ல முடியும்?

பெரிய சோதனைக்குப் போர்ட்டோ ரிக்கோ. அங்கே சட்டத் தொல்லை இல்லை, ஏழைகளும் நிறைய. 1956-இல் ரியோ பியத்ராஸ் குடியிருப்புப் பெண்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். இது இன்னும் சோதனையில் இருக்கும் சரக்கு என்று மட்டும் சொல்லவில்லை. பொறுப்பிலிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே நேர்மையாக அறிக்கை அனுப்பினார்: ஒழுங்காகச் சாப்பிட்டால் கர்ப்பம் தரிப்பதில்லை. ஆனால் 17 சதவீதம் பேருக்குக் குமட்டல், தலைசுற்றல், தலைவலி, வாந்தி. பிங்கஸ் முதல் வரியைப் படித்துப் பூரித்தார், இரண்டாவதை மனப்பிராந்தி என்றார். வாந்தி அவருக்கு வரவில்லையே.

அந்த மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் சேர்ந்ததே தற்செயல்தான். கலப்படமாக நுழைந்ததைச் சுத்தம் செய்து எடுத்துப் பார்த்தார்கள். நடுநடுவே ரத்தம் பட்டது. திரும்பப் போட்டுவிட்டார்கள். 1960-இல் கருத்தடைக்கென்றே அனுமதி பெற்ற ஈனோவிட்டில் 150 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன். இன்றைய மாத்திரைகளில் பெரும்பாலும் 20 முதல் 35 வரைதான். அடுத்த ஆண்டே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்ட செய்திகள் வந்தன. இன்றைய கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஓராண்டில் 10,000 பெண்களை எடுத்துக்கொண்டால், மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமில்லாதவர்களில் 1 முதல் 5 பேருக்கும், சாப்பிடுபவர்களில் 3 முதல் 9 பேருக்கும், கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேருக்கும் ரத்தக்கட்டி வரலாம். முப்பத்தைந்து தாண்டிய, புகைபிடிக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆகாது.

கர்ப்பத்தடுப்பில் மாத்திரையின் பெரிய எதிரி மறதி. பிசகாமல் சாப்பிட்டால் ஓராண்டில் ஆயிரத்துக்கு மூன்று பேர் கர்ப்பமாகலாம். நம்மைப்போல நடுவில் விட்டுவிட்டுச் சாப்பிட்டால் நூற்றுக்கு ஏழு. இல்லினாய் மாநிலத்து எஞ்சினியர் டேவிட் வாக்னருக்கு நான்கு பிள்ளைகள். "மாத்திரை போட்டியா?" என்று தினமும் மனைவியைக் கேட்டுக்கேட்டு வீட்டில் சண்டை. கடைசியில் கிழமை போட்ட வட்டத் தகடு ஒன்றைச் செய்து, மாத்திரைகளை அதில் அடைத்துக் கையில் கொடுத்துவிட்டார். 1963-இல் ஒரு கம்பெனி அதே மாதிரி டப்பாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தச் சரித்திரத்தில் வாயை மூடிக்கொள்ள வழி தேடிய ஆண் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

1970-இல் மாத்திரையின் ஆபத்து பற்றி செனட்டர் கேலார்ட் நெல்சன் விசாரணை நடத்தினார். சாட்சி சொல்ல வரிசையாக ஆண்கள். பார்வையாளர் பகுதியிலிருந்து ஆலிஸ் வுல்ஃப்சனும் தோழிகளும் எழுந்து, மாத்திரையை விழுங்கிய ஒருத்தியைக்கூடக் கூப்பிடவில்லையே என்று கத்தினார்கள். கூட்டம் அமளியானது. டப்பாவுக்குள் எச்சரிக்கைத் தாள் வைக்க அரசு ஒப்புக்கொண்டது. பெண்கள் படித்தால் பயந்துவிடுவார்கள் என்று டாக்டர்கள் பதறியதில், சுமார் 600 சொல் தாள் 100 சொல்லாகச் சுருங்கிப்போனது. தாளைச் சுருக்கச் சில மாதம் போதுமானதாக இருந்தது. 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரைகள் அமெரிக்கக் கடைகளைவிட்டுப் போக 1988 ஆயிற்று.