‘டோர்ட்’ என்னும் சொல்லின் பிறப்பும் வழக்கும்

ஒரு சொல்லுக்குப் பொருள், பிறப்பு, வழக்கு ஆகிய மூன்றும் வேண்டுமென்பது அகராதியியலார் எதிர்பார்ப்பு. ஆயினும், பொருளை மட்டும் கைக்கொண்டு, ஏனைய இரண்டும் இன்றியே, ஆங்கிலப் பேரகராதி ஒன்றில் ஐந்தாண்டு ஐயத்துக்கு ஆளாகாமல் குடியிருந்த பெருமை ‘டோர்ட்’ என்பதற்கு உண்டு. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மெரியம் நிறுவனம் 1934இல் வெளியிட்ட வெப்ஸ்டர் புதிய பன்னாட்டு அகராதியின் இரண்டாம் பதிப்பு, இஃது இயற்பியலிலும் வேதியியலிலும் வழங்கும் பெயர்ச்சொல் என்றும், ‘அடர்த்தி’ எனப் பொருள்படும் என்றும் 771ஆம் பக்கத்தில் அறிவித்தது.

ஆங்கில எழுத்தான ‘டி’, பெரிய வடிவிலோ சிறிய வடிவிலோ எழுதப்படும்போது, அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கமாகும் என்பதையே வேதியியல் பகுதி ஆசிரியர் ஆஸ்டின் பாட்டர்சன் 1931 ஜூலை 31 அன்று ஒரு சீட்டில் எழுதியனுப்பினார். ஆகவே இரண்டு ‘டி’க்கும் நடுவே, ‘அல்லது’ எனப் பொருள்படுவதும் ஓ, ஆர் என்னும் ஈரெழுத்தால் ஆனதுமான ஆங்கிலச் சொல் அமர்ந்திருந்தது. முந்தைய பதிப்பில் சொற்களோடு கலந்து கிடந்த சுருக்கங்களை இம்முறை தனியே பிரித்தபோது, இச்சீட்டு கட்டு மாறிச் சொற்களோடு சேர்ந்துகொண்டது. அங்கோ, தலைச்சொல்லை, அதாவது பதிவின் முகப்பில் தடித்த எழுத்தில் நிற்கும் சொல்லை, எழுத்துக்கெழுத்து இடம்விட்டுத் தட்டச்சு செய்வது வழக்கமாதலால், வெற்றிடங்கள் எவர் கண்ணையும் உறுத்தவில்லை. நான்கெழுத்தும் கூடி ஒரு சொல்லாயின. உலகில் எவருமே உச்சரித்திராத அச்சொல்லுக்கு உச்சரிப்புக் குறிப்பும் சிரத்தையாகச் சேர்க்கப்பட்டது.

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கலாகாது என்பர். அகராதிக்காரர்களுக்கோ மூலம் பார்ப்பதே பிழைப்பு. 1939 பிப்ரவரி 28 அன்று, சொற்பிறப்புக் குறிப்பே இல்லாமல் நின்ற இப்பதிவு பதிப்பாசிரியர் ஒருவர் கண்ணில் பட, அவர் பழைய சீட்டுகளைத் துருவி உண்மையறிந்து, அச்சுத் தகட்டை உடனே மாற்றுமாறு பணித்தார். தவற்றினால் மட்டுமே உருவாகும் இத்தகையவற்றுக்குப் ‘பேய்ச்சொல்’ என்று வால்டர் ஸ்கீட் 1886லேயே பெயர் சூட்டியிருந்தார். பேய்க்காவது முன்பு வாழ்ந்த வாழ்வொன்று உண்டு, ‘டோர்ட்’டுக்கு அதுவும் இல்லை.

இவ்வரலாற்றை 1954இல் எழுதிய பிலிப் கோவ், அடர்த்தியை ‘டோர்ட்’ என்றுதான் அழைத்தால் என்ன என்று வருந்தினார். மக்கள் வழங்குவதைப் பதிவதே அகராதியின் வேலை எனக் கொண்டு, 1961இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டுப் புலவர்களிடம் கடும் வசை வாங்கியவரும் இதே கோவ்தான்.