இருபது நிமிட ஞோக்கி: முக்கால நோக்கில் ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வேலைநாள் மாலையில் வீடு திரும்பியவர் ஒரே வாணலியில் ஞோக்கி, சாசேஜ், கீரை மூன்றையும் புரட்டி இருபது நிமிடத்தில் தட்டில் வைத்துவிடலாம் என்று அமெரிக்கச் சமையல் குறிப்புகள் சத்தியம் செய்கின்றன. அந்த இருபது நிமிடத்துக்குள் என்னென்ன அடங்கும், எவையெல்லாம் சத்தமில்லாமல் வெளியே தள்ளப்பட்டன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பசியோடு நிற்பவரிடம் கேள்வித்தாளை நீட்டுவது ஆய்வாளர் உடம்புக்கு நல்லதல்ல என்பதால் கள ஆய்வு தவிர்க்கப்பட்டது.

ஞோக்கி என்பது வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கில் மைதா சேர்த்துப் பிசைந்து, விரல் பருமனில் உருட்டித் துண்டு போட்ட இத்தாலியக் கொழுக்கட்டை. சாசேஜ் என்று இங்கே குறிப்பது இத்தாலிய வகைப் பன்றி இறைச்சிச் சாசேஜை. கீரை என்றால் கேல், சார்ட், ஸ்பினாச் ஆகிய மூன்றில் எது வாடாமல் கிடைக்கிறதோ அது. ரவையும் பாலும் முட்டையும் கிண்டி, வட்டமாக வெட்டி, ஓவனில் சுடும் ரோம் நகரத்து ஞோக்கியும், உள்ளே பிளம் பழம் வைத்த திரியெஸ்தே ஞோக்கியும் ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டுள்ளன. அவற்றைத் தொட்டால் கட்டுரை ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடும்.

கருதுகோள் வருமாறு: சமையல் குறிப்பு எண்ணுவது நிகழ்காலத்தை மட்டுமே. இறந்தகாலமும் எதிர்காலமும் அதன் கடிகாரத்தில் ஏறுவதில்லை.

2. முன்னோர் கணக்கு

விரைவுச் சமையல் ஆராய்ச்சிக்கு நெடிய மரபு உண்டு. பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றிய எதுவார் த பொமியான் 1930-இல் பத்து நிமிடச் சமையல் பற்றி ஒரு நூல் எழுதினார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அடுப்பில் தண்ணீர் வை என்பது அவர் உபதேசம். எதற்கு அந்தத் தண்ணீர் என்பது அவருக்கே தெரியாதாம்; எதற்காவது உதவும் என்றார். கருதுகோள் இல்லாமல் சோதனையைத் தொடங்கும் துணிவு விஞ்ஞானிக்கே வரும். 1976-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் பியர் ஃபிரேனி அறுபது நிமிடச் சமையலுக்கு ஒரு பத்தி தொடங்கினார். 2001-இல் ரேச்சல் ரே தொலைக்காட்சியில் அதை முப்பதாகக் குறைத்தார். ஜேமி ஆலிவர் 2010-இல் முப்பது நிமிடத்துக்கு ஒரு புத்தகம், 2012-இல் பதினைந்து நிமிடத்துக்கு இன்னொன்று வெளியிட்டார்.

கடைசி இரு புள்ளிகளைக் கோட்டால் இணைத்து நீட்டினால், 2014-இல் சமைக்கும் நேரம் சுழியாகியிருக்க வேண்டும். 2016-இல் நாம் வீட்டுக்கு வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே சாப்பாடு ஆறிப்போயிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆக, குறைந்தது சமையல் அன்று, சமையலைப் பற்றிய கணக்கு என்று கொள்க.

3. கிழமைச் சிக்கல்

‘வேலைநாள் ஞோக்கி’ என்றால் எந்த நாள்? அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. ரோம் நகரத்தார் வியாழக்கிழமை என்பர். வெள்ளிக்கிழமை கத்தோலிக்க வழக்கப்படி புலால் விலக்கி மீனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆகவே முந்தைய நாளே வயிற்றைக் கனமாக்கிக்கொள்வது முறை. வெரோனா நகரத்தார் இதை ஏற்பதில்லை. தவக்காலத்துக்கு முந்தைய கார்னிவல் வெள்ளியன்று அவர்கள் ஞோக்கித் திருவிழாவே எடுக்கிறார்கள். ‘ஞோக்கித் தந்தை’ என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வெள்ளைத் தாடியோடு அலங்கரித்து, பெரிய முள்கரண்டியில் ஒரு ஞோக்கியைக் குத்திக் கையில் கொடுத்து ஊர்வலம் விடுகிறார்கள். இவ்வழக்கத்தைப் பதினாறாம் நூற்றாண்டின் பஞ்சத்தோடும், அப்போது ஏழைகளுக்கு மாவும் வெண்ணெயும் வழங்கியதாகச் சொல்லப்படும் தொம்மாஸோ த விகோவோடும் சேர்த்துப் பேசுவது அவ்வூர் மரபு. அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு அமெரிக்காவிலிருந்து வெரோனா அடுப்புக்கு வந்து சேரவில்லை ஆகையால், முதல் ஞோக்கி வெறும் மாவு உருண்டையாகவே இருந்திருக்கும்.

மூன்றாம் கட்சியினர் அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் உள்ளனர். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்த அவர்கள் கிழமையையே ஒதுக்கிவிட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மாதமும் 29-ஆம் தேதி ஞோக்கி. சம்பளம் தீர்ந்து, மறுசம்பளம் வராத நாளில் கையில் மிஞ்சுவது உருளைக்கிழங்கும் மாவும்தான் என்பது காரணம். பணம் பெருகட்டும் என்று தட்டுக்கு அடியில் ஒரு நோட்டை வைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். மாதம் முழுக்க அலுவலகத்துப் பக்கம் வராமல் 29-ஆம் தேதி சம்பளம் வாங்க மட்டும் தலைகாட்டும் அரசு ஊழியரையும் அர்ஜென்டினாவில் ஞோக்கி என்றே அழைப்பார்கள். இச்செய்தி முடிவுரையில் பயன்படும்.

மூன்று கட்சியும் ஒரு செய்தியில் உடன்படுகின்றன. ஞோக்கி வசதியான நாளின் உணவன்று. நெருக்கடியான நாளின் உணவு. அந்த நெருக்கடி மாவுக்கோ பணத்துக்கோ இருந்தது. இன்று நேரத்துக்கு வந்திருக்கிறது.

4. இறந்தகாலம்

இனிப் பொருள் பட்டியலுக்கு வருவோம். ‘கழுவி, தண்டு நீக்கி, நறுக்கிய கேல் கீரை – ஒரு கட்டு’ என்று இருக்கும். கழுவி, நீக்கி இரண்டும் வினையெச்சம். நறுக்கிய என்பது இறந்தகாலப் பெயரெச்சம். நறுக்கியவர் யார் எனின், தோன்றா எழுவாய். எப்போது நறுக்கினார் எனின், சமையல் தொடங்குமுன். செய்முறைப் பகுதிக்கு வந்த பிறகே ‘வதக்குக’, ‘சேர்க்க’, ‘இறக்குக’ என்று வினைமுற்றுகள் வருகின்றன. கடிகாரமும் அங்கேதான் ஓடத் தொடங்குகிறது. எச்சங்களில் கழிந்த நேரத்துக்குக் கணக்கில்லை. தோன்றா எழுவாய் யார் என்பது சமைத்தவருக்கு மட்டும் தெரியும்.

கேல் கீரையின் தண்டை ஒரு கையால் தலைகீழாகப் பிடித்து, மறு கை விரல்களைக் கவட்டையாக வைத்து மேலிருந்து கீழே இழுத்தால் இலை இரு பக்கமும் கழன்று வரும். முதல் நான்கு இலைகளுக்கு இது இன்பமாக இருக்கும். கட்டில் மீதி இருக்கும். அதன் பிறகு அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அலசினால், சுருண்ட இலை ஓரங்களில் ஒளிந்திருந்த மண் அடியில் படியும். இரண்டாம் அலசலிலும் படியும். ஸ்பினாச் எடுத்தால் இழுக்கும் வேலை இல்லை. ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். வாணலியின் விளிம்பைத் தாண்டிக் குவித்த கீரை, மூடியைத் திறந்து பார்ப்பதற்குள் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். இதிலிருந்து பெறப்படும் விதி: சமைப்பவரின் உழைப்பு பச்சைக் கீரையின் உயரத்தைப் பொறுத்தது, அவருக்குக் கிடைக்கும் பாராட்டு வெந்த கீரையின் உயரத்தைப் பொறுத்தது.

சாசேஜின் இறந்தகாலம் இன்னும் நீளம். தென் இத்தாலியில் லூக்கானியா என்ற பகுதியின் மக்களிடமிருந்து ரோமானியப் படைவீரர்கள் இதைக் கற்றுக்கொண்டதாகக் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய அறிஞர் வாரோ குறித்துவைத்தார். ஈராயிரம் ஆண்டு அனுபவத்தில் நின்றுகொண்டுதான் இன்றைய அமெரிக்க வேளாண் துறையும் பேசுகிறது. அதன் விதிமுறைத் தொகுப்பின் 319.145-ஆம் பிரிவின்படி ‘இத்தாலியச் சாசேஜ்’ என்று பெயர் போட வேண்டுமானால், அதில் உப்பும் மிளகும் இருக்க வேண்டும். சோம்போ ஆனிஸ் விதையோ இரண்டுமோ இருந்தாக வேண்டும். கொழுப்பு நூற்றுக்கு 35 பங்கைத் தாண்டக் கூடாது. இவ்வளவு சட்டப் பாதுகாப்போடு ஒருவர் இறைச்சியை அரைத்து, மசாலா பிசைந்து, குடலுறைக்குள் காற்றுப் புகாமல் திணித்து அனுப்பிய சாசேஜை நாம் என்ன செய்கிறோம்? கத்தி நுனியால் உறையைக் கீறி, உள்ளிருப்பதை வாணலியில் பிதுக்கிவிட்டு, உறையைக் குப்பையில் போடுகிறோம். ஒருவர் நேரம் செலவழித்துத் திணித்ததை இன்னொருவர் நேரம் செலவழித்துப் பிதுக்கும் தொழில் உலகில் வேறெங்கும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

ஞோக்கிக்கு வருவோம். வீட்டில் செய்வதானால் உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, சூடு ஆறுமுன் உரித்து மசித்து, மாவு சேர்த்து, உருட்டி, வெட்டி, முள்கரண்டி முதுகில் ஒவ்வொன்றாக அழுத்திக் கோடு போட வேண்டும். ஒன்றரை மணி நேரம் சாதாரணமாகப் போகும். மாவின் அளவில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்லெக்ரீனோ அர்த்தூசி 1891-இல் வெளியிட்ட சமையல் நூலில் ஒரு சான்று தருகிறார். ஒரு பெண்மணி ஞோக்கியைக் கொதிநீரில் போட்டுக் கிளறக் கரண்டியை விட்டபோது, பாத்திரத்தில் ஞோக்கியைக் காணவில்லையாம். மாவு போதவில்லை, கரைந்துவிட்டது. 400 கிராம் கிழங்குக்கு 150 கிராம் மாவு என்பது அர்த்தூசி விதித்த அளவு.

இத்தகைய துயரங்களிலிருந்து நம்மைக் காப்பது கடையில் விற்கும் 500 கிராம் பாக்கெட். பல பாக்கெட்டுகளில் முழுக் கிழங்குக்குப் பதில் உலர்ந்த உருளைத் துகளே இருக்கும். கிழங்கை அவித்து மசித்துச் சூடான உருளையில் படரவிட்டுத் துகளாக உரித்தெடுக்கும் முறையை 1950-களில் செம்மைப்படுத்தியது பிலடெல்பியா அருகே உள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வகம். ஆக, நாம் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் ஒன்றரை மணி நேரம் எங்கும் மறையவில்லை. ஆய்வகத்திலும் தொழிற்சாலையிலும் வேறு யாரோ நமக்கு முன்பே அதைச் செலவழித்துவிட்டார்கள். அவர்களும் தோன்றா எழுவாய்களே.

5. நிகழ்காலம்

குறிப்பு பெருமையோடு எண்ணும் இருபது நிமிடம் இதுதான். இங்கே இரண்டு பள்ளிகள் உண்டு. கொதிநீர்ப் பள்ளியினர் ஞோக்கி மிதந்தால் வெந்தது என்பர். உள்ளே சிக்கிய காற்றும் ஆவியும் சூட்டில் விரிய, அடர்த்தி குறைந்து மேலே வருகிறது. மிதத்தலுக்கு விதி கண்ட ஆர்க்கிமிடீஸ் சிசிலித் தீவின் சிராகூசாக்காரர். உருளைக்கிழங்கு வருமுன் கி.மு. 212-இல் கொல்லப்பட்டார் என்பதால் தம் விதியின் சுவையான பயனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வாணலிப் பள்ளியினர் தண்ணீரே வேண்டாம் என்பர். பாக்கெட் ஞோக்கி ஏற்கெனவே வெந்தது. பெரிய பாத்திரத் தண்ணீர் கொதிக்கும் கால் மணி நேரமும் அவர்களுக்கு மிச்சம். அதோடு, 1912-இல் லூயி காமீல் மயார் விளக்கிய வேதிவினை நன்றாக நடந்து பொருள் பொன்னிறமாக 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். தண்ணீரோ 100-லேயே நின்றுவிடும். இவ்வாய்வு வாணலிப் பள்ளியின் பக்கம் நிற்கிறது.

ஆலிவ் எண்ணெய் சூடானதும் ஞோக்கியை ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். பிறகு செய்ய வேண்டிய கடினமான காரியம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. மூன்று நிமிடம் கரண்டியைக் கீழே வைக்கத் தெரிந்தவருக்கு அடிப்பக்கம் முறுகி, வாணலியைக் குலுக்கினால் கலகலவென்று தானே நகரும். தெரியாதவருக்கு ஒட்டிக்கொண்டு கிழியும். முறுகியதைத் தனியே எடுத்துவிட்டு, அதே வாணலியில் சாசேஜை உதிர்த்துப் போட்டால் கொழுப்பு இறங்கிச் சோம்பு மணம் எழும்பும். நசுக்கிய பூண்டும் கொஞ்சம் மிளகாய்த் துகளும் அந்தக் கொழுப்பிலேயே வதங்கட்டும். கீரையைப் போட்டு ஒரு கரண்டி தண்ணீர் தெளித்தால் வாணலி அடியில் பிடித்த பழுப்புப் படலம் இளகும். அதைச் சுரண்டிச் சேர்ப்பதே குழம்பு, வேறு குழம்பு கிடையாது. ஞோக்கியைத் திரும்பப் போட்டு, பார்மசான் சீஸைத் துருவி, எலுமிச்சை பிழிந்து இறக்குக. இருபது நிமிடம். இவ்வளவில் குறிப்பு சொன்னது மெய்யே.

6. எதிர்காலம்

குறிப்பின் கடைசிச் சொல் ‘பரிமாறுக’. அதற்குப் பிறகும் உலகம் இயங்குகிறது என்பதற்கு அதில் அறிகுறி இல்லை. பார்மசான் துருவியின் ஓட்டைகளில் காய்ந்து இறுகும். ஞோக்கியின் மாவுச்சத்து வாணலி ஓரத்தில் பசையாகப் பிடிக்கும். அலசிய பாத்திரத்தில் மண் அப்படியே கிடக்கும். ‘வாணலி கழுவப்படும்’ என்று செயப்பாட்டுவினையில் சொல்லிவிட்டு எல்லோரும் எழுந்து போகிறார்கள். யாரால் என்ற மூன்றாம் வேற்றுமையை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

7. முடிவுகள்

ஒன்று: கீரை, பூண்டு, சாசேஜ் ஆகியவற்றின் எச்சவினைகளுக்குக் கால் மணி நேரம், வினைமுற்றுகளுக்கு இருபது நிமிடம், செயப்பாட்டுவினைக்குப் பத்து நிமிடம் என்று தாராளமில்லாமல் போட்டாலும், இருபது நிமிட ஞோக்கி முக்கால் மணி நேர ஞோக்கியாகிறது. முக்காலம் என்பதற்கு இப்படியும் பொருள் கொள்ள இடமுண்டு.

இரண்டு: குறிப்பு எழுதுவோர் இனிப் பட்டியலில் ‘கேல் கீரை – ஒரு கட்டு’ என்று நிறுத்திவிட்டு, ‘கழுவுக, நீக்குக, நறுக்குக’ என்பவற்றைச் செய்முறையில் வினைமுற்றாகவே எழுதப் பரிந்துரைக்கப்படுகிறது. ஒருமுறை எழுதிப் பார்த்தால் அவர்களே நிமிடத்தைக் கூட்டிவிடுவார்கள்.

மூன்று: இந்த உணவு உண்மையிலேயே இருபது நிமிடத்தில் கிடைக்கும் ஒருவர் இருக்கிறார் என்பதையும் ஆய்வு கண்டறிந்துள்ளது. கீரை ஆயும்போது அவர் வீட்டில் தென்படுவதில்லை. சோம்பு மணம் எழும்பியதும் மேசைக்கு வந்து உட்கார்கிறார். சாப்பிட்டு முடித்ததும், இவ்வளவு சீக்கிரம் ஆகிவிட்டதே என்று மெய்யாகவே வியக்கிறார். அவருக்கு நாம் புதிதாகப் பெயர் தேட வேண்டியதில்லை. அர்ஜென்டினாக்காரர்கள் முன்பே வைத்துவிட்டார்கள்.